ஆன்மிக நுண்ணறிவா, நெஞ்சறிவா?

"பணியிடத்தில் ஆன்மீக உளவுத்துறை."

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி, தொழிலாளர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் திருத்தித் தரச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தது. மூன்றாம் பக்கத் தலைப்புதான் மேலே இருப்பது. ஆங்கிலத்தில் 'ஸ்பிரிச்சுவல் இன்டெலிஜென்ஸ்' என்று இருந்ததை யாரோ கணினியிடம் கொடுத்து, அது துப்பியதை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். சிரித்து முடித்த பிறகுதான் நினைவு வந்தது, வள்ளுவர் இதையும் விட்டுவைக்கவில்லை. 'துறந்தார் படிவத்தர் ஆகி' உளவு பார்க்கும் ஒற்றனைப் பற்றி ஒற்றாடல் அதிகாரத்திலேயே ஒரு குறள் (586) இருக்கிறது. ஆக, ஆன்மிக உளவுக்கு நம்மிடம் முன்னுதாரணம் உண்டு. கையேட்டுக்குத்தான் அது உதவாது.

கணினியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஆங்கிலத்தில் 'இன்டெலிஜென்ஸ்' அறிவையும் குறிக்கும், உளவையும் குறிக்கும். 'இன்டெலிஜென்ஸ்' என்பதற்குத் தமிழ் உளவியல் பாடநூல்கள் வைத்திருக்கும் சொல் நுண்ணறிவு. ஐக்யூவுக்கு நுண்ணறிவு ஈவு. இப்போது ஊரே பேசுகிற ஏஐக்குச் செயற்கை நுண்ணறிவு. அதே நேரத்தில் போதைப்பொருள் வழக்குகளைப் பிடிக்கிற போலீஸ் பிரிவுக்கும் 'நுண்ணறிவுப் பிரிவு' என்றுதான் பெயர். சரியாக மொழிபெயர்த்தாலும் காக்கிச் சட்டை பின்னாலேயே வந்து நிற்கும்.

சரி, இந்த 'ஸ்பிரிச்சுவல் இன்டெலிஜென்ஸ்' எங்கிருந்து வந்தது? டானா ஸோஹர் என்ற எழுத்தாளர் 1997-ல் நிர்வாகவியல் பற்றிய தன் புத்தகம் ஒன்றில் இதைப் பயன்படுத்தினார். அவர் இயற்பியலும் தத்துவமும் படித்தவர். 2000-ல் கணவர் இயன் மார்ஷலுடன் சேர்ந்து இதற்கென்றே தனிப் புத்தகம் எழுதினார். இயன் மார்ஷல் மனநல மருத்துவர். ஐக்யூவையும், 1995-ல் டேனியல் கோல்மன் புத்தகத்தால் பரவிய உணர்வு நுண்ணறிவையும் அடுத்து, 'எஸ்க்யூ' என்று மூன்றாவதாக ஒன்றை அவர்கள் நிறுத்தினார்கள். 'கோஷன்ட்', அதாவது ஈவு என்பதைக் குறிக்கும் அந்த 'க்யூ' எழுத்தைப் பற்றி எனக்கு ஒரு சின்ன வழக்கு உண்டு. 1912-ல் வில்லியம் ஸ்டெர்ன் மன வயதை உண்மை வயதால் வகுத்தார், அதனால் அது ஈவு. எஸ்க்யூவில் எதை எதால் வகுக்கிறார்கள்? ஒன்றையும் இல்லை. ஆகவே தமிழில் 'ஆன்மிக ஈவு' என்று எழுதாதீர்கள். வகுத்தல் நடக்காத இடத்தில் ஈவு கிடையாது.

ஸோஹர் சொன்ன விஷயம் ஒன்று மட்டும் கெட்டி. ஒரு சூழ்நிலைக்குள் இருந்துகொண்டு அதற்கு ஏற்றபடி நடந்துகொள்ளச் சொல்லித்தருவது உணர்வு நுண்ணறிவு. இந்தச் சூழ்நிலையில் நான் இருக்கத்தான் வேண்டுமா, இதை மாற்ற வேண்டாமா என்று கேட்க வைப்பது மூன்றாவது அறிவு. இதற்கு மதம் அவசியமில்லை என்பதையும் அவர் அழுத்திச் சொல்கிறார். அந்தப் புத்தகத்தில் நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரனும் வருகிறார். ஒருவகை வலிப்பு நோயாளிகளிடம் அவர் செய்த சோதனைகளை வைத்து, மூளையில் 'கடவுள் புள்ளி' இருக்கிறதா என்று அப்போது பெரிய பேச்சு. வலிப்பு நோயாளிகளைப் பற்றிய ஆய்வை எடுத்து அலுவலகப் பயிற்சி வகுப்பில் ஓட்டுவது எனக்கு உவப்பாக இல்லை. அதோடு விட்டுவிடுகிறேன்.

இனி சொல்லின் வேர். 'ஸ்பிரிட்' லத்தீன் 'ஸ்பிரிட்டுஸ்' என்பதிலிருந்து வந்தது, அதற்கு மூச்சு என்று பொருள். வடமொழி ஆத்மாவையும் மூச்சோடுதான் சேர்க்கிறார்கள். ஜெர்மன் மொழியில் மூச்சுவிடுவதற்கு இன்றைக்கும் 'ஆட்மன்' என்கிறார்கள், ஒரே குடும்பம். தமிழில் பார்த்தால் உயிர்த்தல் என்றாலே மூச்சுவிடுதல். பெருமூச்சு விடுவது நெட்டுயிர்ப்பு. மூன்று மொழிக்காரர்களும் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆவி என்ற சொல்லும் இந்த வரிசைதான். பரிசுத்த ஆவியும் ஆவி, இட்லிக் குண்டானில் எழுவதும் ஆவி, புளியமரத்தில் இருப்பதாகச் சொல்வதும் ஆவி. இத்தனை வேலை பார்க்கிற சொல்லை அலுவலகத்துக்கும் கூட்டி வர வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மிச்சம் இருப்பது ஆன்மிகம். (ஆன்மீகம் அல்ல, 'இக' என்ற ஈறு குறில்தான், நெடிலாக்கியது நம் பழக்கம்.) சொல்லில் பிழையில்லை. சிக்கல் சென்னையில் அது குடியிருக்கும் இடம். நாளிதழில் ஆன்மிகம் என்றால் கோயில், பரிகாரம், குருப்பெயர்ச்சி. தி.நகர் புத்தகக் கடையில் ஆன்மிக அலமாரியில் இருப்பவை சுலோகப் புத்தகங்கள். 2017 டிசம்பர் 31 அன்று கோடம்பாக்கத்தில் ரஜினிகாந்த் 'ஆன்மிக அரசியல்' என்று சொன்னபோது, சாதி மத சார்பில்லாத நேர்மையான அரசியல் என்று பிறகு அவரே விளக்க வேண்டியிருந்தது. ஸோஹர் தன் சொல்லுக்குக் கொடுத்த விளக்கமும் கிட்டத்தட்ட அதுதான். அத்தனை பெரிய நட்சத்திரத்துக்கே விளக்கவுரை தேவைப்பட்ட சொல், ஒரு கையேட்டின் தலைப்பில் தனியாக நின்று என்ன செய்யும்?

கையேட்டின் மாதிரிப் பக்கங்களை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனி கேன்டீனுக்கே போனேன். டீ இடைவேளை. தரப் பரிசோதகர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படித்தார்.

"இது சாமி விஷயமா சார்? எங்க ஷிஃப்ட்ல பாய் இருக்காரு, சர்ச்சுக்குப் போறவங்க இருக்காங்க. கருப்புச் சட்டைக்காரர் ஒருத்தரும் இருக்காரு, ஆயுத பூஜைக்குப் பொரி மட்டும் வாங்கிப்பாரு."

"சாமி விஷயம் இல்லண்ணே. யாரும் பாக்காதப்பவும் சரியா வேலை செய்யறது, எதுக்காகச் செய்யறோம்னு யோசிக்கிறது..."

"அதுக்கு எதுக்குப் புதுப் பேரு? மனசாட்சின்னு போட்டுட்டுப் போங்களேன்."

பிறகு அவராகவே தன் பழைய கம்பெனிக் கதையைச் சொன்னார். மாசக் கடைசி, வண்டி வாசலில் நிற்கிறது, நானூறு புஷ் (நடுவில் துளையுள்ள உருளை உதிரிபாகம்) போக வேண்டும். துளையின் அளவைச் சோதிக்கிற பிளக் கேஜில் இரண்டு முனை இருக்கும். 'கோ' முனை துளைக்குள் போக வேண்டும், 'நோ-கோ' முனை போகவே கூடாது. அன்றைக்கு எடுத்துப் பார்த்த புஷ்களில் நாலைந்தில் நோ-கோ வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. துளை பெரிசாகிவிட்டது. சின்னதாக இருந்தால் இன்னொரு தரம் கடைந்துகொள்ளலாம், பெரிசானால் கடைந்ததை ஒட்ட முடியாது. சூப்பர்வைசர் தோளில் கை போட்டு, "மைக்ரான் கணக்குதானண்ணே, அட்ஜஸ்ட் ஆயிடும்" என்றாராம். இவர் மொத்த லாட்டிலும், தேறாது என்று நிறுத்திவைக்கிற சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டார். வண்டி காலியாகப் போனது. அதற்கப்புறம் இரண்டு மாதம் இவருக்கு ஓவர்டைம் போடவில்லை.

நான் படித்த கட்டுரைகளை எல்லாம் இந்த சிவப்பு அட்டை முந்திக்கொண்டது. சூப்பர்வைசரின் முகம் பார்த்து, அவர் அவசரம் புரிந்து, பதமாகப் பேசுவது உணர்வு நுண்ணறிவு. கையெழுத்துப் போட மாட்டேன் என்பது வேறொன்று. அதற்குத்தான் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மனசாட்சி நல்ல சொல். ஆனால் அது சாட்சி. நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்து, பிறகு உறுத்தும். நடக்கும் முன்பே வழி காட்டுகிற பகுதி அந்தச் சொல்லில் மெலிவாகத்தான் இருக்கிறது.

உளவியலாளர்களிடையே இதே இடத்தில் ஒரு சுவையான சண்டை நடந்தது. 2000-ல் ராபர்ட் எம்மன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆன்மிக நுண்ணறிவுக்கு ஐந்து கூறுகள் சொன்னார். அறவழியில் நடக்கும் திறன் அதில் ஐந்தாவது. பல்வகை நுண்ணறிவுக் கொள்கையை 1983-ல் முன்வைத்த ஹோவர்ட் கார்ட்னர் இதை ஏற்கவில்லை. அவர் அதிகபட்சம் ஒப்புக்கொண்டது, வாழ்வு சாவு பற்றிய பெரிய கேள்விகளைக் கேட்கும் 'இருத்தலியல் நுண்ணறிவு', அதையும் முழுமனதாகப் பட்டியலில் சேர்க்கவில்லை. திறமை வேறு, நல்லொழுக்கம் வேறு என்பது விமர்சகர்களின் வாதம். எம்மன்ஸ் இறங்கிவந்து ஐந்தாவது கூறை எடுத்துவிட்டார். அதாவது சிவப்பு அட்டையைக் கழற்றிவிட்டார்கள்.

அறிவியல் முறைப்படி அது நியாயமாக இருக்கலாம். ஆனால் தமிழில் 'அறிவு' அந்தப் பிரிவினைக்கு ஒத்துக்கொள்ளாது. 'சென்ற இடத்தால் செலவிடா தீதொரீஇ நன்றின்பால் உய்ப்ப தறிவு' (422). மனம் போன போக்கில் போக விடாமல், தீயதிலிருந்து விலக்கி, நல்லதன் பக்கம் செலுத்துவது எதுவோ அதுதான் அறிவு. செலுத்துவது இங்கே அறிவோடு வந்து ஒட்டிக்கொள்ளும் கூடுதல் குணமாக இல்லை, இலக்கணமே அதுதான். இன்னோரிடத்தில், பிறர் நோயைத் தன் நோய்போல் பேணாவிட்டால் அறிவால் ஆகப்போவது என்ன என்று கேட்கிறார் வள்ளுவர் (315). கோல்மனும் ஸோஹரும் தனித்தனியாகப் பிரித்த இரண்டும் நம்மிடம் ஒரே சொல்லுக்குள் இருந்தவை. அதைப் பரீட்சை மதிப்பெண்ணாகச் சுருக்கியது நாம்தான். சுருக்கியபின், இழந்ததைத் திரும்பப் பெற அடைமொழி தேடுகிறோம்.

அடைமொழி வேண்டும்தான். 'மெய்யறிவு' என்று சிலர் எழுதுகிறார்கள். 'மெய்ப்பொருள் காண்ப தறிவு' என்ற குறள்வழி வந்த அழகான சொல், ஆனால் சைவ சித்தாந்தம் படித்தவருக்கு அது ஞானம், வீடுபேறு வரை இழுக்கும். ஷிஃப்ட் முடிந்து வீடு போய்ச் சேர்வதைத்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் 'தன்நெஞ் சறிவது பொய்யற்க' (293) என்பதிலிருந்து நெஞ்சறிவு என்று எடுத்தேன். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் 'ஆன்மிக நுண்ணறிவு' என்றே எழுதட்டும், அது ஓரளவு நிலைத்துவிட்டது, மாற்றினால் தேடுகிறவருக்குக் கிடைக்காது. கடைசல் பட்டறைக்கு நெஞ்சறிவு போதும். மனிதவள மேலாளர் இதைக் கேட்டதும், "கார்டியாலஜி மாதிரி இருக்கே சார்" என்றார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு, அட்டையில் தமிழெழுத்தில் 'ஸ்பிரிச்சுவல் இன்டெலிஜென்ஸ்', கீழே சின்ன எழுத்தில் நெஞ்சறிவு.

அடுத்த பக்கத்தில் 'வேல்யூஸ்'. அதற்குக் கணினி கொடுத்தது 'மதிப்புகள்'. மதிப்பீடுகள் என்றும் எழுதுவார்கள், ஆனால் கம்பெனியில் மதிப்பீடு என்றால் ஆண்டு இறுதியில் நடக்கும் அப்ரைசல். ஆளாளுக்கு வயிற்றைக் கலக்கும். 'வேல்யூ' என்பதன் லத்தீன் வேர் வலிமையையும் பெறுமானத்தையும் குறிப்பது. தமிழில் இதற்கு விழுமியம் என்று இருக்கிறது, விழுமம் என்பதன் வழி வந்தது. தொல்காப்பிய உரியியல் விழுமத்துக்குச் சீர்மை, சிறப்பு என்று சொல்லிவிட்டு, கூடவே இடும்பை என்றும் சொல்கிறது. உயர்வும் அதுதான், துன்பமும் அதுதான். 'விழுமந் துடைத்தவர் நட்பு' (107) என்று குறளில் வரும்போது அது துன்பம். ஒழுக்கம் விழுப்பம் தரும் (131) என்னும்போது உயர்வு. லத்தீன்காரருக்குக் கிடைக்காத அந்த இரண்டாவது பொருள் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், ஒரு பத்தி எழுதிச் சேர்த்தேன்.

அச்சுக்குப் போகும் முன் மறுபடி கேன்டீனில் காட்டினேன். பரிசோதகர் அதே பக்கத்தில் விரல் வைத்தார்.

"விழுமியம்னா விழுறதா சார்?"

இல்லை என்று சொல்லி, இரண்டு பொருளையும் சொன்னேன். டீ ஆறும் வரை யோசித்தார்.

"அந்த ரெண்டாவது அர்த்தத்தை எங்க போட்டிருக்கீங்க?"

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இடம் போதவில்லை என்று அந்தப் பத்தியை எடுத்துவிட்டிருந்தார்கள்.