கடைவரம்பு ஊருக்கு எத்தனை மதிப்பெண்?

இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில், எந்த ஊர் எவ்வளவு பாதிக்கப்படும் என்று மதிப்பெண் போடும், வறண்ட பகுதிகளுக்கான காலநிலைப் பாதிப்புக் கணக்கைப் போட வேண்டிய தேவை என்ன என்று மார்த்தாண்டத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ரப்பர் தோட்டங்களின் நடுவே நின்றால் அப்படித்தான் தோன்றும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றாலோ, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குக் காற்று, தன் ஈரத்தில் பெரும்பங்கை மலைக்கு மேற்கிலேயே இறக்கிவிட்டு வந்திருப்பது தெரியும்.

காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஓர் ஊரின் பாதிப்பு நிலை மூன்று கூறுகளால் அமைகிறது. மழை பொய்ப்பது வெளிப்பாடு. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு பருவ நெல் சாகுபடிகளும் கால்வாய்த் தண்ணீரையே நம்பியிருப்பது உணர்திறன். வீட்டில் ஒருவர் வளைகுடா நாட்டிலிருந்து பணம் அனுப்புவது தகவமைப்புத் திறன். 2014ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்பாட்டைப் பாதிப்பு நிலையிலிருந்து பிரித்துத் தனியே வைத்தது என்றாலும், களத்தில் பலர் இன்னும் பழைய முறையையே கையாள்கிறார்கள்.

மழையை மில்லிமீட்டரிலும், நிலத்தை சென்டிலும், குடிநீருக்கு நடக்கும் தூரத்தை மீட்டரிலும் அளந்துவிட்டு, இவற்றை எப்படிக் கூட்டுவது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. ஓர் ஊரின் அளவிலிருந்து எல்லா ஊர்களிலும் மிகக் குறைந்த அளவைக் கழித்து, அதனை மிகக் கூடிய அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தால், எதுவாயினும் 0 முதல் 1 வரையுள்ள ஓர் எண்ணாகிவிடும். மூன்று கற்பனை ஊர்களில் தண்ணீருக்கு நடக்கும் தூரம் 200, 800, 2000 மீட்டர் என்று கொள்வோம். நடு ஊரின் மதிப்பு 600-ஐ 1800-ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.33. இப்போது 5000 மீட்டர் நடக்கும் நான்காவது ஊர் ஒன்றை ஆய்வில் சேர்த்தால், அதே நடு ஊரின் மதிப்பு 0.125 ஆகச் சரிகிறது. அவ்வூர்ப் பெண்களின் இடுப்பிலுள்ள குடம் ஒரு துளியும் எடை குறையவில்லை. காகிதத்தில் மட்டும் ஊர் தேறிவிட்டது! ஆகவே இந்த எண் ஊரின் துன்பத்தை அளப்பதில்லை, வரிசையில் அதன் இடத்தைத்தான் சொல்கிறது. அடுத்தடுத்த ஆண்டுகளின் எண்களை ஒப்பிட வேண்டுமானால், முதல் ஆண்டின் இரு எல்லைகளையும் மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பின் எந்தக் கூறுக்கு எவ்வளவு எடை என்பதை முடிவு செய்து சராசரி காண்பது வழக்கமான வேலை. ஆனால் எது எந்தப் பக்கம் சேரும் என்பதில் கவனம் தேவை. நான்கு ஆடுகள் உள்ள வீட்டுக்கு அவை அவசரத்துக்கு விற்கக்கூடிய சொத்து என்பதால் தகவமைப்புத் திறனில் மதிப்பெண் கொடுக்கிறோம். வறட்சியில் ஊரே ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டும்போது விலை விழுந்து, அந்தச் சொத்தின் பாதி கரைந்துவிடுகிறது. இந்த மதிப்பெண்களைக் காட்டும் வண்ண வரைபடங்கள் அச்சிடக் கிடைக்கும் நிதியில் ஒரு பங்காவது, ஐந்தாண்டு கழித்து அதே வீடுகளுக்குத் திரும்பிப் போய்க் கேட்பதற்குக் கிடைத்தால் இது கணக்கிலும் ஏறும்.

மார்த்தாண்டத்து வாசகருக்கான விடையும் இதில் இருக்கிறது. 1906 முதல் நீர் தேக்கிவரும் பேச்சிப்பாறை அணையின் தண்ணீர், தோவாளைக் கால்வாய் வழியாகக் கிழக்கே வருகிறது. கால்வாய் முடியும் இடத்திலுள்ள கடைவரம்பு வயலின் விளைச்சலைத் தீர்மானிப்பது, அந்த ஊரில் பெய்யும் மழையைவிட, மேற்கே மலையில் பெய்யும் மழையும் வழியில் திறக்கும் மடைகளுமே. மாவட்டம் முழுமைக்கும் ஒரே சராசரி எடுத்தால் அந்த வயல் கண்ணில் படாது. அதனால்தான் கணக்கை ஊர்வாரியாக, இயன்றால் வீடுவாரியாகப் போடச் சொல்கிறார்கள்.