சீரியல் வன்முறை: ரத்தம் தெரியாத காட்சிகளைக் கவனியுங்கள்

திரை வன்முறை என்றதும் அரிவாளும் ரத்தமும்தான் நம் நினைவுக்கு வரும். மனநல ஆலோசனைக்கு வரும் பெற்றோரும் "பையன் எப்பவும் சண்டைப் படம்தான் பார்க்கிறான்" என்றே பேச்சை ஆரம்பிப்பார்கள். அதே வீட்டில் சாயங்காலம் தொடங்கி இரவு 10 மணிவரை ஓடும் சீரியல்களை யாரும் வன்முறைக் கணக்கில் சேர்ப்பதில்லை. திரை வன்முறை பெண்களின் நடத்தையை எப்படிப் பாதிக்கிறது என்று பேசுவதானால் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

சீரியலில் ஒரு அறை விழும் காட்சியைக் கவனியுங்கள். கை ஓங்கப்படுகிறது, அறை விழுகிறது, அதே அறை மூன்று கோணங்களில் மறுபடியும் விழுகிறது. கூடத்தில் நிற்கும் ஒவ்வொருவர் முகத்துக்கும் ஒரு குளோசப், பின்னணியில் இடிச்சத்தம், பிறகு 'தொடரும்'. மறுநாள் எபிசோடில் கன்னம் வீங்கியிருக்காது, போலீசுக்கும் யாரும் போகமாட்டார்கள். அடித்தவர் நல்லவர் என்றால் "இவளுக்கு இது வேணும்" என்று பார்ப்பவர்களே சொல்லிவிடுவார்கள். அடிப்பவர் நமக்குப் பிடித்தவர், அடிக்கு ஒரு நியாயம் உண்டு, அடியின் விளைவு காட்டப்படவில்லை: இந்த மூன்றும் சேரும்போது வன்முறை மனதில் எளிதாக ஒட்டும். பத்துப் பேர் பறக்கும் சினிமாச் சண்டையை யாரும் நிஜம் என்று எடுத்துக்கொள்வதில்லை. நம் வீட்டைப் போன்ற கூடத்தில் விழும் அறை நிஜமாகவே தெரியும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரொவெல் ஹியூஸ்மன் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. 1970-களின் இறுதியில் சிகாகோ பகுதியில் ஆய்வுக்கு உட்பட்ட குழந்தைகளில் 329 பேரைச் சுமார் 15 ஆண்டுகள் கழித்து மறுபடி சந்தித்தார்கள். சிறுவயதில் வன்முறை நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்தவர்களிடம், ஆண் பெண் இருபாலரிடமும், ஆக்ரோஷம் கூடுதலாக இருந்தது. பெண்களிடம் அது அடிதடியாக மட்டுமல்ல, புறம்பேசுவது, ஒருவரை ஒதுக்கிவைப்பது என்று மறைமுகமாகவும் வெளிப்பட்டது. நம் சீரியல் வில்லிக்கு முழுநேர வேலையே அதுதானே!

அடியை ஏற்றுக்கொள்ளும் மனம் இதன் இன்னொரு பக்கம். தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21) மனைவியை அடிக்க ஏதோ ஒரு காரணமாவது நியாயம் என்று சொன்ன பெண்கள் 45 சதவீதம், ஆண்கள் 44 சதவீதம். பெண்கள் அதிகம் ஏற்ற காரணம் மாமனார் மாமியாரை மதிக்காதது. இந்த மனநிலையைச் சீரியல் உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. அதற்கு வயது அதிகம். ஆனால் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறது.

அதற்காகச் சீரியல் பார்க்கும் பெண்களைக் கேலி செய்யும் ஆண்கள் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். கைபேசியில் வரும் சிசிடிவி கொலைக் காட்சியை ஃபேமிலி குரூப்பில் தட்டிவிடுவது பெரும்பாலும் அவர்கள்தான். அதன் விலையும் பெண்கள் தலையில்தான் விழுகிறது: மகளின் டியூஷன் நிற்கும், தனியாகப் பஸ்ஸில் போவது நிற்கும். வன்முறையை அதிகம் பார்ப்பவர்களுக்கு உலகமே நிஜத்தைவிட ஆபத்தானதாகத் தெரியும் என்று தொலைக்காட்சியின் தாக்கத்தை ஆராய்ந்த ஜார்ஜ் கெர்ப்னர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே விளக்கியிருக்கிறார்.

வீட்டில் என்ன செய்யலாம்? டிவியைப் பிடுங்குவது வேலைக்கு ஆகாது. நாள் முழுக்க உழைத்தவருக்கு அதுதான் ஒரே ஓய்வாக இருக்கலாம். முதலில் ஒரு வாரம், எந்த சீரியல், எத்தனை மணி நேரம், பார்த்து முடித்ததும் மனசு எப்படி இருந்தது என்று காலண்டரில் ஒரு வரி குறித்து வையுங்கள். எரிச்சலோ சந்தேகமோ மிஞ்சும் சீரியல் எது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் விடுங்கள். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது திரையை அணைத்துவிடுங்கள். படபடப்போடு படுத்தால் தூக்கம் கெடும், மறுநாள் கோபம் குழந்தை மேல் இறங்கும். குழந்தை பக்கத்தில் இருக்கும்போது அறை விழுந்தால் சேனலை அவசரமாக மாற்றாதீர்கள். "அவங்களுக்கு வலிச்சிருக்குமா? அடிக்காம வேற என்ன செஞ்சிருக்கலாம்?" என்று கேளுங்கள். பேசாமல் மாற்றினால் குழந்தைக்கு ஆர்வம்தான் கூடும்.

மருமகள் போனில் பேசினாலே சதி என்று தோன்றுவது, சாப்பாட்டை முகர்ந்து பார்த்துச் சாப்பிடுவது என்ற அளவுக்குப் போனால் அது சீரியல் பிரச்சினை மட்டுமல்ல. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அடி நிஜமாகவே விழும் வீடென்றால் பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள்.

சீரியல்கள் திரைப்படத் தணிக்கைக் குழுவுக்குப் போவதில்லை. ஆட்சேபம் இருந்தால் முதலில் சேனலுக்குத்தான் எழுத வேண்டும். கேபிள் டிவிக்கான 2021 திருத்த விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சேனல் தெரிவிக்க வேண்டும், 15 நாளில் முடிவைச் சொல்ல வேண்டும். "சீரியல் மோசம்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். தேதி, நேரம், காட்சியில் என்ன நடந்தது, அது ஏன் தவறு என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.