மெய்ப்புப் பார்க்க வருகிறவர்களுக்கு

மொரீஷியசில் தமிழ் மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்த, வரும் இளையவர் பலருக்கும் முதலில் கைக்கு வருவது கோயில் அழைப்பிதழ்தான். தமிழ் நன்றாகத் தெரியும் என்ற துணிவோடு வருகிறார்கள். அந்தத் துணிவைத்தான் முதலில் அடக்க வேண்டும். மொழி பழகிய கண் எழுத்தைப் பார்ப்பதில்லை, சொல்லை ஊகித்துக்கொண்டு தாண்டிவிடுகிறது.

என் தொடக்க காலத்தில், தைப்பூசக் காவடி அழைப்பிதழ் ஒன்றில், 'அன்னை பார்வதி முருகனுக்கு வேலைக் கொடுத்த நாள்' என்று இருக்க வேண்டிய வரியில் 'க்' விடுபட்டு, 'வேலை கொடுத்த நாள்' என்று அச்சாகிவிட்டது. வேலாயுதம் பணியாக மாறியதை நான் இரண்டு முறை படித்தும் காணவில்லை. இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் கணினியின் பிழைதிருத்தியும் காட்டாது. அன்று முதல் ஒற்று மிகும் இடங்களுக்கென்றே தனியாக ஒரு முறை படிக்கிறேன்.

கால் (ா) வர வேண்டிய இடத்தில் 'ர' இருப்பதும், 'ஔ' என்பதை 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டச்சு செய்திருப்பதும் திரையில் எளிதில் தெரியா. தாளில் எடுத்து, வரிக்குக் கீழே அளவுகோல் வைத்துப் படியுங்கள். தேதி, கிழமை, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கடைசியில் தனியாகப் பாருங்கள். பிரெஞ்சுப் பகுதியில் 'மர்தி' (செவ்வாய்க்கிழமை) என்றிருக்க, தமிழில் திங்கட்கிழமை என்றிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

எழுத்துகள் சரியாக இருந்தாலும் அவற்றின் இடம் தவறாகலாம். 1998இல் வெளியான மொரீஷியஸ் ரூபாய்த் தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்திருந்த தமிழ், இந்திக்குக் கீழே இறங்கியது. தமிழர் எதிர்ப்பு எழுந்ததால் அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே, முந்தைய பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையையும் ஒப்பிட வேண்டும்.

பெயர்களில் மட்டும் கை வைக்காதீர்கள். வீரப்பன் என்ற பெயர் இங்கே பிரெஞ்சு எழுத்துமுறை வழியாக 'வீராபென்' என்று குடும்பப் பெயராகிவிட்டது. அதைத் 'திருத்துவது' அக்குடும்பத்தின் அடையாளத்தையே மாற்றுவதாகும். ஓரத்தில் கேள்விக்குறி இட்டு, உரியவரிடம் கேளுங்கள்.

கூலி பேசும்போதே எத்தனை மெய்ப்பு என்பதையும் பேசிவிடுங்கள். இரண்டாம் மெய்ப்பு, அதாவது திருத்திய படியை மீண்டும் பார்ப்பது, இல்லாத வேலையை நான் இப்போது ஏற்பதில்லை. ஒரு வரியைத் திருத்தும்போது பக்கத்து வரி கலைந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.