ஆய்வகச் சுண்டெலியின் கூண்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது?

கூண்டை எவ்வளவு அடிக்கடி கழுவுகிறோமோ அவ்வளவுக்குச் சுண்டெலிக்கு நல்லது என்ற எண்ணம் பாதிதான் சரி. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வக விலங்குப் பராமரிப்பு வழிகாட்டி நூல் (எட்டாம் பதிப்பு, 2011), அடிப்பகுதி மூடிய கூண்டையும் தண்ணீர்ப் புட்டியையும் பொதுவாக வாரம் ஒருமுறையேனும், மேல்மூடி போன்றவற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையேனும் சுத்திகரிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு கூண்டுக்கும் தனியே காற்று செலுத்தப்படும் அமைப்பாக இருந்தால், இந்த இடைவெளியை நீட்டவும் அந்நூல் இடம் தருகிறது.

காற்றுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? சிறுநீரில் உள்ள யூரியாவை, எச்சத்திலிருந்து வரும் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்னும் நொதியால் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. அவை பெருகுவதற்கு ஈரமும் அவகாசமும் வேண்டும் என்பதால், புதிதாக மரச்சீவல் பரப்பிய கூண்டில் முதல் சில நாட்கள் அம்மோனியா மிகக் குறைவாகவே இருந்து, பிறகு வேகமாக ஏறுகிறது. அளவு மிகுந்தால் மூக்கின் உட்படலம் புண்ணாகும். பல ஆய்வகங்கள் வரம்பாகக் கொள்ளும் 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) என்பது, எட்டு மணி நேரம் பணிபுரியும் மனிதருக்கென வகுக்கப்பட்ட அளவு. இரவும் பகலும் அந்தச் சீவலிலேயே மூக்கை வைத்து வாழும் விலங்குக்கு அதைத் தாராளமான வரம்பு என்றே கருத வேண்டும். மணிக்குப் பலமுறை காற்று மாறும் கூண்டில் சீவல் உலர்ந்திருப்பதால் பாக்டீரியாவின் வேலை மந்தமாகிறது.

அடிக்கடி மாற்றுவதிலும் கேடு உண்டு. ஆண் சுண்டெலி தன் அடையாளத்தைச் சிறுநீர் வாடையால்தான் பதிக்கிறது. கழுவிய கூண்டில் அது அடியோடு அழிந்துவிட, யார் பெரியவர் என்ற சண்டை மறுபடி மூள்கிறது. இடம் மாற்றிய சில மணி நேரத்துக்கு இதயத் துடிப்பும் உயர்ந்தே இருக்கும். ஜாக்சன் ஆய்வகத்தார் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 7, 14, 21 நாள் இடைவெளிகளை ஒப்பிட்டபோது, வாரந்தோறும் மாற்றிய கூண்டுகளில்தான் குட்டிகள் அதிகமாக இறந்தன. ஈன்ற முதல் சில நாட்களில் தாயைத் தொந்தரவு செய்யாமல் விடுவது நல்லது என்ற கருத்துக்கு இது இசைவாக இருந்தாலும், அதை இந்த ஆய்வு தனியே நிறுவிவிடவில்லை.

கூண்டை மாற்றும்போது எதைக் கூடவே எடுத்துச் செல்வது என்பதும் கவனத்துக்குரியது. எலி கூடு கட்டியிருக்கும் உலர்ந்த பொருளைப் புதிய கூண்டுக்கு மாற்றினால் ஆண்களின் சண்டை குறைகிறது; சிறுநீர் தோய்ந்த பழைய சீவலை மாற்றினாலோ அது கூடுகிறது. ஆகவே கூட்டை அப்படியே அள்ளி வைத்துவிட்டு, ஈரச் சீவலை முழுவதும் கொட்டிவிட வேண்டும். ஒரு கூண்டில் எத்தனை எலிகள், எந்த இனம், மரச்சீவலா மக்காச்சோளச் சக்கைத் துகளா என்பதைப் பொறுத்து நாள் கணக்கு மாறுவதால், மாற்றுவதற்கு முந்தைய நாள் எலியின் மூக்கு உயரத்தில் அம்மோனியாவை அளந்து பார்த்தே ஒவ்வோர் ஆய்வகமும் தன் இடைவெளியை முடிவு செய்ய வேண்டும்.