பேஸ்மேக்கரின் அலை தோலைத் தாண்டுவதற்குள்

மார்பில், காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கப்படும் பேஸ்மேக்கர் இதயத்தைத் துடிக்க வைப்பதோடு நின்றுவிடுவதில்லை. பேட்டரியில் எவ்வளவு மீதமிருக்கிறது, இரவில் துடிப்பு எப்போது தடுமாறியது, இதயத்துக்குள் போகும் கம்பி பழுதில்லாமல் இருக்கிறதா என்பதையெல்லாம் கட்டிலருகே உள்ள சிறு பெட்டிக்கு ரேடியோ அலையில் சொல்லி அனுப்புகிறது. நடுவே இரண்டு மீட்டர் இருக்கலாம். செல்பேசி அலை கிலோமீட்டர் கணக்கில் பாயும் காலத்தில் இது ஒரு தூரமா என்று தோன்றும். ஆனால் ஆற்றலின் பெரும்பகுதி காற்றுக்கு வருவதற்கு முன்பே, ஆன்டெனாவைச் சுற்றியுள்ள சில சென்டிமீட்டர் சதையிலேயே தீர்ந்துவிடுகிறது.

முதல் தடை கருவியின் கூடுதான். உடல் ஏற்றுக்கொள்ளும் உலோகம் என்பதால் அதை டைட்டானியத்தில் செய்கிறார்கள். தகட்டின் தடிமன் சுமார் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். இத்தகைய கருவிகள் பேசப் பயன்படுத்தும் 403 மெகாஹெர்ட்ஸ் அலை டைட்டானியத்துக்குள் மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு ஆழம்கூட உருப்படியாக நுழையாது. எனவே ஆன்டெனாவைக் கூட்டுக்குள் வைத்துப் பயனில்லை. கம்பிகள் செருகப்படும் தலைப்பகுதி பிளாஸ்டிக் போன்ற பொருளால் ஆனது. ஆன்டெனாவை அங்கேதான் ஒளித்து வைக்கிறார்கள்.

பழைய தலைமுறைக் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை ஒன்றிரண்டு லட்சம் ஹெர்ட்ஸ் அளவிலான காந்தப்புலத்தைப் பயன்படுத்தின. அவ்வளவு குறைந்த அதிர்வெண் அந்த மெல்லிய தகட்டையும் சதையையும் ஊடுருவிவிடும். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கரின் பேட்டரிக்கே வெளியிலிருந்து ஒரு கம்பிச்சுருள் மூலம் தோல் வழியாக மின்னேற்றம் செய்தார்கள். ஆனால் காந்தப்புலம் சில சென்டிமீட்டரிலேயே ஓய்ந்துவிடும். தகவலைப் படிக்கும் வெளிக்கருவியின் தலையை மருத்துவர் மார்பின் மேல் வைத்துப் பிடித்தால்தான் தகவல் கிடைக்கும். நோயாளி தூங்கும்போது தானாகப் பேசிக்கொள்ள வழியில்லை. அதற்காகத்தான் ரேடியோ அலைக்கு வந்தார்கள். 1999-இல் அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை இத்தகைய கருவிகளுக்கு ஒதுக்கியது.

சதை ஏன் அலையை விழுங்குகிறது? தசை என்பது பெரும்பாலும் உப்பு கலந்த நீர். அலையின் மின்புலம் மாறும்போதெல்லாம் அந்த உப்பின் சோடியம், குளோரைடு அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) அங்குமிங்கும் அசைகின்றன. அந்த அசைவு வெப்பமாகிறது. கடலுக்கடியில் உள்ள நீர்மூழ்கிக் கப்பலுக்குச் சாதாரண ரேடியோ எட்டாததற்கும் இதே இயற்பியல்தான் காரணம். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில், மிக உயர்ந்த கோபுரங்களைக் கொண்டு ஒலிபரப்புவது உப்புநீரைச் சில மீட்டராவது ஊடுருவ வேண்டும் என்பதற்காகவே. பேஸ்மேக்கரில் கோபுரத்துக்கு ஏது இடம்? 403 மெகாஹெர்ட்ஸ் அலை தசைக்குள் 5 சென்டிமீட்டர் கடப்பதற்குள் ஆற்றலில் ஏழில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸிலோ இரண்டேகால் சென்டிமீட்டரிலேயே அந்த நிலை வந்துவிடும். கொழுப்பில் நீர் குறைவு என்பதால் அது அவ்வளவாக விழுங்குவதில்லை.

இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இனிமேல்தான் வருகிறது. 403 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 74 சென்டிமீட்டர். வழக்கமான கால் அலைநீள ஆன்டெனாவுக்குப் பதினெட்டு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். கைக்கடிகாரம் அளவிலான கருவியில் அது நடக்காது. ஆனால் தசைக்குள் அதே அலை சுமார் ஒன்பதரை சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. கால் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு! அலையைத் தின்னும் சதையே ஆன்டெனாவைச் சிறிதாக்கவும் கைகொடுக்கிறது. அப்படியானால் உலோகத்தை நேரடியாகச் சதையில் தொட வைத்துவிடலாமே என்றால், அங்கேதான் அடி விழுகிறது. ஆன்டெனாவை ஒட்டிய பகுதியில் மின்புலம் மிகக் கடுமையானது. விலக விலக அது வெகு வேகமாகக் குறையும். எனவே முதல் சில மில்லிமீட்டரில் இருக்கும் அயனிகள்தான் அதிகம் பறிக்கின்றன. அந்த இடத்தைப் பீங்கானோ சிலிக்கோனோ நிரப்பிவிட்டால் இழப்பு கணிசமாகக் குறையும். ஆனால் உறை தடிக்கத் தடிக்க அலைநீளமும் கூடும், ஆன்டெனாவும் நீள வேண்டும். ஒவ்வொரு அரை மில்லிமீட்டருக்கும் பேரம்தான்.

மிஞ்சிய அலை தோலை எட்டியதும் இன்னொரு இழப்பு. சதைக்கும் காற்றுக்கும் மின்பண்பில் அவ்வளவு வேறுபாடு இருப்பதால், எல்லையில் மோதும் ஆற்றலில் பாதிக்கு மேல் உள்ளேயே திரும்பிவிடும். எல்லாம் சேர்ந்து, ஆன்டெனாவுக்குக் கொடுத்த ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளியே வந்தாலே நல்ல வடிவமைப்பு என்கிறார்கள். ஆற்றலைக் கூட்டி அனுப்பவும் முடியாது. அந்தப் பட்டையை வானிலை பலூன்களும் பயன்படுத்துவதால் உச்சவரம்பு 25 மைக்ரோவாட். மேலும் பேட்டரி பல ஆண்டுகள் உழைக்க வேண்டும்.

உடல் மாறிக்கொண்டும் இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்கள் கருவியைச் சுற்றி நீர் கோத்திருக்கும்; வாரங்கள் செல்லச் செல்ல நார்த்திசு சூழ்ந்துகொள்ளும். ஒருவர் இளைப்பார், இன்னொருவர் பருப்பார். ஒவ்வொரு மாற்றத்திலும் ஆன்டெனாவின் ஒத்ததிர்வு, அதாவது அது மிக நன்றாக இயங்கும் அதிர்வெண், சற்று நகரும். அதனால்தான் பட்டை வெறும் 3 மெகாஹெர்ட்ஸ் அகலமே என்றாலும் ஆன்டெனா அதைவிட மிக அகலமான அதிர்வெண் பரப்பில் இயங்கும்படி வடிவமைக்கிறார்கள்.

இதை மனிதரில் சோதித்துப் பார்க்க முடியாதே. அமெரிக்க விதிமுறை ஓர் உருளையைச் சொல்கிறது: 30 சென்டிமீட்டர் விட்டம், 76 சென்டிமீட்டர் உயரம், கண்ணாடி போன்ற அக்ரிலிக் சுவர். உள்ளே சதையின் மின்பண்பை ஒத்த திரவம். தண்ணீர், சர்க்கரை, உப்பு இவற்றைக் கலந்தே அதைத் தயாரித்துவிடலாம். உப்பு மின்கடத்தலைக் கூட்டும், சர்க்கரை தண்ணீரின் மின்காப்பு மாறிலியை, அதாவது அலைநீளத்தைச் சுருக்கும் பண்பை, குறைக்கும். அந்தப் பாகுக்குள், சுவரிலிருந்து 6 சென்டிமீட்டர் உள்ளே கருவியைத் தொங்கவிட்டு அளக்கிறார்கள்.

நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியது ஒன்று உண்டு. கட்டிலருகே உள்ள பெட்டிக்குச் சிக்னல் கிடைக்காவிட்டால் பேஸ்மேக்கர் நின்றுவிடாது. துடிப்பைக் கவனித்துத் தூண்டும் வேலைக்கு ரேடியோ தேவையே இல்லை. தகவல் போய்ச் சேருவதுதான் தாமதமாகும். பெட்டியை மருத்துவக் குழு சொன்ன தூரத்துக்குள், இடையில் இரும்பு பீரோ போன்றவை மறைக்காமல் வைத்தாலே பெரும்பாலும் போதும்.

சதையோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, அதையே கம்பியாக்கிக்கொண்ட வழியும் வந்துவிட்டது. இதயத்தின் மேலறையில் ஒன்றும் கீழறையில் ஒன்றுமாகப் பொருத்தப்படும் அபாட் நிறுவனத்தின் அவெயர் என்ற கம்பியில்லா பேஸ்மேக்கர் இணைக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவை ரேடியோ அலையில் பேசுவதில்லை. ஒன்று மிகச் சிறிய மின்துடிப்பை விடுகிறது, ரத்தமும் இதயத் தசையும் அதைக் கடத்துகின்றன, மற்றொன்று உணர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இது நடக்கிறது. ரேடியோ அலைக்குப் பகையான அதே அயனிகள் இங்கே செய்தியைச் சுமக்கின்றன. இதிலும் இழப்பு இல்லாமல் இல்லை: இரண்டு கருவிகளுக்கும் இடையிலான தூரமும், அவை ஒன்றையொன்று நோக்கியிருக்கும் கோணமும் சிக்னலின் வலுவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஆகவே, பொருத்தும்போதே அவை ஒன்றுக்கொன்று தெளிவாகப் பேசுகின்றனவா என்று மருத்துவர் சரிபார்க்கிறார்.