தாய் முதல்ல, பிள்ளை அடுத்து: ஒரு பஞ்சாங்க டாக்டர் ஜெயிச்ச வாரிசு கேஸ்

வாரிசு விஷயமா எங்ககிட்ட வர்றவங்க யார் யார் இறந்தாங்கன்னு வரிசையா சொல்லுவாங்க, ஆனா யார் முதல்ல போனாங்கன்னு கேட்டா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க. சொத்து கை மாறுறதே அந்த முன்னபின்னலதான். இத புரியவைக்க நான் எப்பவும் எடுக்கறது அமெரிக்காவுல நடந்த ஒரு பழைய வழக்கு, ஏம்ஸ் எதிர் கே.

நத்தேனியல் ஏம்ஸ் 1708ல பிறந்தவர். மாசசூசெட்ஸ்ல டெதம்ங்கற ஊர்ல டாக்டர், ஆனா பேர் வாங்கிக் குடுத்தது பஞ்சாங்கம்தான். 1726ம் வருஷத்துக்கான முதல் பஞ்சாங்கத்த டீன்ஏஜ்லயே போட்டுட்டாரு, பெஞ்சமின் பிராங்க்ளினோட பஞ்சாங்கம் வந்ததே ஏழு வருஷம் கழிச்சுதான்.

1735ல மேரி பிஷர கல்யாணம் பண்ணாரு. மேரியோட அப்பாவுக்கு டெதம்ல சாப்பாடு, சாராயம், தங்க இடம்னு நல்லா ஓடுன ஒரு சத்திரம் இருந்துச்சு. 1737ல பையன் பிறந்தான், கொஞ்ச நாள்லயே மேரி போயிட்டாங்க, 1738ல குழந்தையும் போயிருச்சு.

ஏம்ஸ் வாதம் சிம்பிள். அந்தச் சத்திரத்துல மேரியோட பங்கு அவ இறந்தப்பவே என் பையனுக்கு வந்துருச்சு, அவனுக்கு நெருங்குன உறவு நான், அதனால எனக்கு. மேரி பக்கத்து சொந்தக்காரங்க (வழக்குப் பேர்ல வர்ற 'கே' இவங்க தரப்பு) விடல, இங்கிலாந்து பொதுச்சட்டப்படி நிலம் கீழதான் இறங்கும், பிள்ளைகிட்ட இருந்து அப்பனுக்கு மேல ஏறாதுன்னு நின்னாங்க. ஆனா மாசசூசெட்ஸ் மாகாணத்தோட சொந்த வாரிசு சட்டத்துல அந்தத் தடை இல்ல. 1740கள் கடைசில ஏம்ஸ் ஜெயிச்சாரு. மனுஷன் அதோட விடல, சட்டப்புத்தகத்துக்கு முதுகு காட்டற மாதிரி தனக்கு எதிரா சொன்ன நீதிபதிங்கள வரைஞ்சு சத்திர வாசல்ல போர்டா மாட்டிட்டாரு, அத பறிமுதல் பண்ண கோர்ட் ஷெரீப அனுப்புனதா ஊர்ல கதை. (கிளையண்ட்ஸ், ஜெயிச்சாலும் இதெல்லாம் பண்ணாதீங்க.)

1740ல ரெண்டாவது கல்யாணம், டெபோரா பிஷர். மூத்தவன் நத்தேனியல் டாக்டராகி அப்பாவோட பஞ்சாங்கத்தையும் தொடர்ந்தான், கடைக்குட்டி ஃபிஷர் ஏம்ஸ் பின்னாடி அமெரிக்காவோட முதல் காங்கிரஸ்ல, அதாவது நாடாளுமன்றத்துல, உறுப்பினர். 1764ல ஏம்ஸ் இறந்தப்ப அவனுக்கு ஆறு வயசு, சத்திரத்த நடத்தி குடும்பத்த காப்பாத்துனது டெபோராதான். 1772ல அவங்க ரிச்சர்ட் உட்வர்டுங்கறவர மறுமணம் பண்ணாங்க, 1774ல பிரிட்டிஷ எதிர்த்து சஃபோக் மாவட்ட மாநாடு இந்தச் சத்திரத்துல கூடுனப்ப இதுக்குப் பேரு உட்வர்டு சத்திரம். ஏம்ஸ் அத்தன வருஷம் கோர்ட் ஏறி வாங்குனது!

கிட்டத்தட்ட முன்னூறு வருஷத்துக்கு முந்தின கதை நமக்கெதுக்குன்னு கேப்பீங்க. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956, பிரிவு 15 பாருங்க. உயில் எழுதாம ஒரு பொண்ணு இறந்தா, அவங்க அப்பா அம்மாகிட்ட இருந்து வாரிசா வந்த சொத்து, பிள்ளைகளே இல்லன்னாதான் அவங்க அப்பாவோட வாரிசுகளுக்குத் திரும்பும். ஒரு பையன் இருந்துட்டா புருஷனுக்கும் அவனுக்கும் சமபங்கு. அந்தப் பையனும் மறுநாளே கல்யாணம் காட்சி இல்லாம போயிட்டா அவன் பங்கும் அப்பாவுக்கு, அதாவது பொறந்த வீட்டு சொத்து முழுசா மாப்பிள்ளைக்கு, ஏம்ஸ் கேஸ் அப்படியே. (பெண் குழந்தைன்னா கணக்கு வேற, அத இதோட குழப்பிக்காதீங்க.)

ஆக்சிடென்ட்ல தாயும் பிள்ளையும் ஒண்ணா போயிட்டா? யார் முதல்லன்னு தெரியலன்னா, பிரிவு 21படி வயசுல சின்னவங்க பிழைச்சிருந்ததா எடுத்துக்கணும், யாராவது மாத்தி நிரூபிக்கிற வரைக்கும். அதனால ஆஸ்பத்திரி ரெக்கார்டு, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், ஆம்புலன்ஸ் சீட்டு எதையும் துக்கத்துல தூக்கிப் போட்டுடாதீங்க, நேரம் எழுதியிருக்கற எல்லாத்துக்கும் காப்பி எடுத்து வைங்க. பொறந்த வீட்டு சொத்து கையில இருக்கற பெண்கள், வயசு முப்பதா இருந்தாலும், உயில் எழுதி ரெண்டு சாட்சி கையெழுத்து வாங்கிடுங்க, பதிவு கட்டாயம் இல்ல, பண்ணிட்டா நல்லது.