நுண்ணோக்கியில் முதலில் பழக வேண்டியது வெளிச்சம்

வெங்காயத் தோலைப் பார்க்கும் முதல் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் மகிழ்ச்சியோடு கூப்பிடுவார்: "செல் தெரிகிறது, டீச்சர்!" குனிந்து பார்த்தால் அழகான வட்டம் ஒன்று இருக்கும். விளிம்பு மை தீட்டியது போலக் கறுத்திருக்கும், நடுப்பகுதி பளிச்சென்று இருக்கும். பதிவேட்டில் அதை அப்படியே வரைந்தும் இருப்பார். அது செல் அல்ல, காற்றுக்குமிழி.

அந்த மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கண்ணுக்கு எது பளிச்சென்று தெரிகிறதோ அதைத்தான் அவர் வரைந்திருக்கிறார். குமிழியின் விளிம்பில் நீரும் காற்றும் சந்திக்கின்றன. அங்கே ஒளி வெகுவாக வளைந்து லென்ஸுக்குள் வராமல் விலகிப் போய்விடுவதால் விளிம்பு கறுப்பாகிறது. செல்லின் கதை வேறு. அதன் உள்ளே பெரும்பகுதி நீர், வெளியேயும் நீர். ஒளி தடையில்லாமல் நேராகக் கடந்துவிடுகிறது. கண்ணாடி போன்ற அந்தப் பொருளைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் நுண்ணோக்கியின் உண்மையான வேலை. பெரிதாக்குவது அதில் பாதிதான்.

குமிழி வராமல் தடுப்பது கைப்பழக்கம். வெங்காயத்தின் சதைப்பற்றான இதழ் ஒன்றை எடுத்து, குழிந்த உட்பக்கத்திலிருந்து மெல்லிய தோலை இடுக்கியால் உரிக்க வேண்டும். ஸ்லைடில் முதலில் ஒரு சொட்டு நீர், அதன் மேல் தோல். அது சுருளும், தூரிகையால் நீவிப் பரப்ப வேண்டும். பிறகு கவர் ஸ்லிப் என்ற மெல்லிய மூடுகண்ணாடியின் ஒரு விளிம்பை நீரில் தொடவைத்து, மறுவிளிம்பை ஊசியால் தாங்கிக்கொண்டே மெல்லச் சாய்த்து இறக்கினால், காற்று முன்பக்கமாக வெளியேறிவிடும். பொத்தென்று போட்டால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

ஸ்லைடைத் தேடுவதில் இன்னொரு குழப்பம் உண்டு. வலப்பக்கம் தள்ளினால் பிம்பம் இடப்பக்கம் ஓடும். இதற்குச் செய்தித்தாளிலிருந்து 'ட' எழுத்து ஒன்றை வெட்டி ஸ்லைடில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். இடப்பக்கம் நிற்கும் கோடு வலப்பக்கத்திலும், கீழே கிடக்கும் கோடு மேலேயும் தெரியும். பொருளருகு லென்ஸ் குழாய்க்குள் ஒரு தலைகீழ்ப் பிம்பத்தை உண்டாக்குகிறது. கண்ணருகு லென்ஸ் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் போல அந்தப் பிம்பத்தையே பெரிதாக்குகிறது, நிமிர்த்துவதில்லை. 10 மடங்குக் கண்ணருகு லென்ஸும் 40 மடங்குப் பொருளருகு லென்ஸும் சேர்ந்தால் 400 மடங்கு.

எடுத்தவுடன் அந்த 400 மடங்குக்குப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் பள்ளி நுண்ணோக்கியில் 4 மடங்கு லென்ஸில் தெரியும் வட்டம் ஏறத்தாழ 4.5 மி.மீ. அகலம், 40 மடங்கில் அது 0.45 மி.மீ.யாகச் சுருங்கிவிடும். ஊரே தெரியாதவர் ஒரு ஜன்னல் வழியாகத் தெருவைத் தேடுவது போலாகிவிடும். அதோடு, 40 மடங்கு லென்ஸின் முனைக்கும் ஸ்லைடுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. குவியத்தைச் சரிசெய்யும் பெரிய திருகை அங்கே தொட்டால் கவர் ஸ்லிப் நொறுங்கும், லென்ஸில் கீறல் விழும். சிறிய லென்ஸில் தெளிவாகக் கண்ட பிறகு மாற்றினால், சிறிய திருகை லேசாகத் திருப்பினாலே போதும்.

இப்போது வெளிச்சத்துக்கு வருகிறேன். மேடைக்கு அடியில் டயாஃபிரம் என்ற திரை இருக்கிறது. அதன் சிறு பிடியை நகர்த்தினால் நடுத்துளை விரியும், சுருங்கும். படம் மங்கலாக இருந்தால் பெரும்பாலோர் துளையை முழுக்கத் திறந்துவிடுவார்கள். அப்போது ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் பாய, சாயம் ஏற்றாத செல் வெள்ளை வெளிச்சத்தில் கரைந்து காணாமல் போகும். கொஞ்சம் சுருக்கிப் பாருங்கள். செல் சுவர்கள் செங்கல் வரிசை போல எழுந்து நிற்கும்.

அதற்காக ஒரேயடியாகச் சுருக்கவும் கூடாது. இதற்கான காரணத்தை 1873-இல் ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே என்ற இயற்பியலாளர் விளக்கினார். நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறனுக்கு ஒளியின் அலைநீளமும், லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்கிக்கொள்கிறது என்பதும் வரம்பு கட்டுகின்றன. அவருடைய சூத்திரம் யேனாவில் அவரது நினைவுச்சின்னத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பள்ளியில் உள்ள 40 மடங்கு லென்ஸுக்குப் பச்சை ஒளியில் அந்த வரம்பு சுமார் 0.4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). துளையை மிகவும் சுருக்கினால் கோணம் குறுகி, இந்தத் திறன் இன்னும் குறையும். செல்பேசிப் படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் புதிதாக எதுவும் தெரியாததைப் போல, இங்கேயும் மடங்கைக் கூட்டுவதால் மட்டும் நுணுக்கம் கூடாது.

மேடைக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சர் லென்ஸ் உள்ள கருவியானால் எளிய வழி ஒன்று உண்டு. கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பாருங்கள். அங்கே தெரியும் ஒளிவட்டத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு மிஞ்சும்வரை துளையைச் சுருக்குங்கள். பெரும்பாலான ஸ்லைடுகளுக்கு அது பொருந்தும். ஆடி வைத்த நுண்ணோக்கி என்றால் ஜன்னலோர வானத்து வெளிச்சம் போதும். நேரடியாகச் சூரியனை நோக்கி ஆடியைத் திருப்பவே கூடாது, கண் கெட்டுவிடும்.

அயோடின் ஒரு சொட்டு விட்டால் உட்கரு பழுப்பேறித் தெளிவாகத் தெரியும். சில செல்களில் அது சுவரோரமாக ஒட்டியிருக்கும், சிலவற்றில் நடுவே மிதப்பது போலத் தோன்றும். சிறிய திருகை மெல்லத் திருப்பினால், நடுவே தெரிந்ததும் மேற்சுவரிலோ அடிச்சுவரிலோ ஒட்டிக்கொண்டிருப்பது புரியும். நடுவிடத்தை எல்லாம் வாக்குவோல் என்ற நீர் நிறைந்த பை பிடித்துக்கொண்டிருக்கிறது. தாளில் தட்டையாக வரையும் செல்லுக்கு ஆழம் உண்டு என்பதை நான் படித்தபோது எந்தப் படமும் எனக்கு இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. அளவும் எடுக்கலாம். 10 மடங்கு லென்ஸில் வட்டத்தின் அகலம் சுமார் 1.8 மி.மீ.; குறுக்கே நீளவாக்கில் ஆறு செல்கள் அடங்கினால் ஒன்றின் நீளம் 0.3 மி.மீ.

ஆனால் அயோடின் செல்லைக் கொன்றுவிடுகிறது. அதனால் வகுப்பு முடிவதற்குள் சாயமே இல்லாமல் வெறும் நீரில் இன்னொரு துண்டுத் தோலை வைக்கச் சொல்வேன். 40 மடங்கு லென்ஸ், நன்றாகச் சுருக்கிய துளை. முதலில் ஒன்றும் தெரியாது. செல் சுவரை ஒட்டிய மெல்லிய இழை ஒன்றில் பார்வையை நிறுத்தி அரை நிமிடம் பொறுத்திருந்தால், தூசி போன்ற துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போவது தெரியும். செல்லுக்குள் இருக்கும் கூழ் போன்ற சைட்டோபிளாசம் ஓடிக்கொண்டிருக்கிறது. சமையலறைக் கூடையிலிருந்து காலையில் எடுத்து வந்த வெங்காயம் அது.